தவறு எங்கே என்று கேட்ட மேடை

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பல்கலைக்கழகங்களின் பௌதிகப் பகுதிகளில் ஆராய்ச்சிச் சொற்பொழிவு என்று ஒன்று அடிக்கடி நடக்கிறது. ஒரு ஆராய்ச்சிக்காரர் வருவார். தாம் கண்டதைப் படம் போட்டும் கணக்குப் போட்டும் சொல்லுவார். இதிலே நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாம் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்ல. படித்ததெல்லாம் வாசகசாலையிலும் விளக்கடியிலுந்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நாம் கற்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. பேச்சு முடிந்தவுடன் கேள்வி ஆரம்பமாகும். நேற்றுச் சேர்ந்த மாணவனும் எழுந்து, "ஐயா, இந்த இடம் சரியில்லையே" என்று கேட்கலாம். கேட்டவன் சிறியவன் என்பது அதற்குப் பதிலாகாது. சொன்னவர் பெரியவர் என்பதும் ருசுவாகாது.

இதற்கு உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். நியூட்ரினோ என்று மிக நுண்ணிய துகள் ஒன்று உண்டு. மண்ணும் மலையும் அதற்குத் தடையல்ல. ஜினீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து, இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியிலுள்ள சாலைக்கு, 730 கிலோமீட்டர் தூரம் பூமிக்குள்ளாகவே இத்துகள்களை அனுப்பினார்கள். ஓபெரா என்னும் குழுவினர் மூன்று வருஷ காலம், 15,000க்கு மேற்பட்ட துகள்களைக் கணக்கெடுத்தார்கள். அவை ஒளியைக் காட்டிலும் முந்தி வந்ததாகக் கண்டது. எவ்வளவு முந்தி? ஒரு விநாடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் 60 பங்கு! அவ்வளவுதான். ஆனால் ஒளியை எதுவும் முந்தாது என்பது ஐன்ஸ்டைன் 1905ல் வகுத்த கொள்கையிலிருந்து வருவது. அது உண்மையானால் இந்தக் கணக்கு பொய்; இந்தக் கணக்கு உண்மையானால் அது ஆட்டங் காணும்.

2011 செப்டம்பர் 23ந் தேதி செர்ன் மண்டபத்தில் டாரியோ ஆட்டியெரோ என்பவர் இதை எடுத்துச் சொன்னார். ஐன்ஸ்டைனை வென்றுவிட்டோம் என்று அக்குழுவினர் மார் தட்டவில்லை. எங்களுக்குத் தவறு அகப்படவில்லை, நீங்களும் சோதித்துப் பாருங்கள் என்றே உலகத்தாரைக் கேட்டுக் கொண்டார்கள்.

உலகமும் சும்மா இருக்கவில்லை. சிலர் 1987ல் தெரிந்த ஒரு நட்சத்திர வெடிப்பை எடுத்துக் காட்டினார்கள். அது நம்மிடமிருந்து ஒளி சுமார் 1,68,000 வருஷம் பிரயாணம் செய்ய வேண்டிய தூரத்திலுள்ளது. ஓபெராவின் விகிதப்படியானால் அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்கு நான்கு வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும். வந்ததோ சில மணி நேரம் முன்புதான். அதுவும், நட்சத்திரத்தின் உடலைக் கடந்து ஒளி வெளிப்படத் தாமதமானதால் வந்த வித்தியாசம்.

கடைசியில் தவறு எங்கே இருந்தது தெரியுமா? கடிகாரத்துக்கு நேரம் கொண்டு வரும் கண்ணாடியிழைக் கம்பி ஒன்று சரியாக முடுக்கப்படாமல் இருந்தது! 2012 பிப்ரவரியில் இதை வெளியிட்டவர்கள் வேறு யாருமல்ல. அதே ஓபெரா குழுவினர்தான். மார்ச்சில், அதே மலைக்கடியிலுள்ள இக்காரஸ் என்னும் வேறொரு குழு அளந்து பார்த்து, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்றது. அம்மாதமே ஓபெராவின் தலைவரும் ஆட்டியெரோவும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். ஜூனில் ஜப்பானின் கியோட்டோ மாநாட்டில், ஓபெரா உட்பட நான்கு குழுக்களின் அளவும் ஒன்றுபோல் ஒளியின் வேகத்துக்கு ஒத்திருப்பதாக அறிவித்தார்கள்.

"பார்த்தீர்களா, விஞ்ஞானமும் தவறுகிறதே!" என்று சிலர் கைகொட்டலாம். தவறுகிறது, தோழர்களே! மனிதர் செய்கிற வேலை தவறாமலிருக்குமா? ஆனால் தவறைக் கண்டு பிடித்தது எது? எந்த அசரீரியுமல்ல, அதே ஆராய்ச்சி, அதே கேள்வி. ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார், ஆகவே வாயை மூடு என்று யாரும் அவர்களை அடக்கவில்லை. இத்தனை படித்தவர்கள் சொல்லுகிறார்கள், ஆகவே நம்பு என்று அவர்களும் கேட்கவில்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள், முடிந்தது வழக்கு. பதவி போனது வருத்தந்தான். ஆனால் உண்மை போகவில்லை.

நம் வீட்டிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் இப்படி ஒரு கேள்விக்கு இடமுண்டா? "பெரியவர்கள் பேசும்போது சும்மா இரு" என்று எத்தனை பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம்! அந்தப் பிள்ளைதான் முடுக்காத கம்பியைக் கண்டிருக்குமோ, என்னவோ?

ஆகவே இந்த மேடைக்கும் அதே சட்டந்தான். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். பேச்சு முடிந்தது. இனி உங்கள் முறை, எழுந்து கேளுங்கள்!