ஈதர்நெட் போர்டுக்கு எந்தக் கிளாக்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்தி பேசுங்க" என்றார்கள். என் வேலையில் அடிக்கடி வரும் ஒரு சண்டையைச் சொல்கிறேன். சண்டை பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டோடுதான். "சிப்புக்குள்ளேயே ஆசிலேட்டர் இருக்கே, வெளியே கிரிஸ்டல் எதுக்கு சார்?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

எஸ்டிஎம்32எஃப்407 சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்.சி. ஆசிலேட்டர் அறை வெப்பநிலையிலேயே 1 சதவீதம் வரை விலகலாம். அதாவது பத்து லட்சத்துக்கு 10,000. 100 மெகாபிட் ஈதர்நெட் அனுமதிப்பதோ பத்து லட்சத்துக்கு வெறும் 100! சீரியல் போர்ட்டில் இது தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டார்ட் பிட் வந்து கணக்கைப் புதுசாக ஆரம்பித்துவிடும். ஈதர்நெட்டின் பெரிய பிரேம் 1518 பைட், 12,144 பிட். நடுவில் நிறுத்தமே கிடையாது.

ஒரு கம்பெனியின் போர்டு (பெயர் வேண்டாம்) என்னிடம் வந்தது. உள் ஆசிலேட்டரிலிருந்து பி.எல்.எல். வழியாக 25 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி, கேபிளை ஓட்டும் 'ஃபை' சிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். 'பிங்' போட்டால் பதில் வருகிறது; பெரிய ஃபைல் அனுப்பினால் பாக்கெட்டுகள் காணாமல் போகின்றன. ஒரு வாரமாக சாஃப்ட்வேர் பசங்களுக்குத்தான் திட்டு, பாவம். ஃப்ரீக்வென்சி கவுன்ட்டரில் அளந்தேன்: 0.3 சதவீதம் விலகல். சின்ன பிங் பாக்கெட் 600 பிட்தான். அதில் வழுக்குவது இரண்டு பிட்டுக்கும் குறைவு. 12,144 பிட்டிலோ 36! எதிர்ப்பக்க சுவிட்சின் குட்டி பஃபர் எவ்வளவுதான் தாங்கும்? வெளிக் கிரிஸ்டல் போட்டதும் சரியாயிற்று.

எந்தக் கிரிஸ்டல்? 25 மெகாஹெர்ட்ஸ் என்பது என் கட்சி. 25-ஆல் வகுத்து 336-ஆல் பெருக்குங்கள். அதில் பாதி 168, சிப்பின் முழு வேகம். ஏழில் ஒரு பங்கு 48, யூ.எஸ்.பி.க்கு. அதே 25-ஐ எம்.சி.ஓ. பின் வழியாக ஃபை சிப்புக்கும் கொடுக்கலாம். ஒரே கிரிஸ்டல், பர்ச்சேஸுக்கும் சந்தோஷம்.

ஆனால் ஒரு சங்கதி. ரீசெட் ஆனதும் புரோகிராம் ஓடி அந்தப் பின்னைத் திறக்கும்வரை ஃபைக்குக் கிளாக் இல்லை. அதுவரை அதன் ரீசெட்டைப் பிடித்து வைக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் 'ஸ்டாப்' நிலைக்குத் தூங்கப் போனால் லிங்க்கும் போய்விடும். அது கூடாது என்றால், பேசாமல் ஃபைக்குத் தனிக் கிரிஸ்டல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். டேட்டாஷீட்டில் லோடு 18 பிகோஃபாரட் என்று இருந்தால், இரண்டு பக்கமும் 18 போடுகிறவர்கள் நிறைய பேர். இரண்டும் தொடர் இணைப்பு, சேர்ந்தால் 9தான். போர்டின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 5 என்று வையுங்கள். மீதி 13, அதன் இரு மடங்கு 26. கடையில் கிடைப்பது 27. அதைப் போடுங்கள்.