பனிக்காலப் படிப்பிற்குச் சில புதினங்கள்
(பனமலையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி. சம்பா அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்தபின் உழவர்க்குச் சற்றே ஓய்வு. இரவோ நெடிது. இவ்விரவுகளில் எப்புதினம் படிக்கலாம் என்று இளைஞர் கேட்கின்றனர். "புதினமே வேண்டா, அது பிறமொழிக் கலப்பும் கொச்சையும் மலிந்தது" என்று தனித்தமிழன்பர் சிலர் விடை கூறிவிடுகின்றனர். அவ்விடை பொருந்துமா என்பதே இன்றைய பேச்சு.

மறைமலையடிகளே புதினம் எழுதினார் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்! 1911இல் வெளிவந்த 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', ஆங்கிலத்தில் ரெயினால்ட்சு எழுதிய கதையைத் தழுவியது. 1916இல் தனித்தமிழ்க் கொள்கை உருக்கொண்டபின், 1921இல் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' வந்தது. மடல்களாலேயே நடக்கும் கதை அது. பனிக்காலத்தை இவற்றால் தொடங்குக.

அடுத்து மு.வ. அவர்தம் 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 'கரித்துண்டு' அதனினும் நெஞ்சைத் தொடுவது. நடை தெளிந்த நீர் போன்றது. ஆயின் அவர் படைத்த மாந்தர் பலர் ஆசிரியரைப் போலவே அறவுரை கூறுவர்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' இவ்வூரார்க்கு நெருங்கிய நூல். அதன் தலைவனாகிய நரசிம்மவர்மனின் கொள்ளுப்பேரன் இராசசிம்மனே இக்குன்றின்மேல் தளகிரீசுவரர் கற்றளியை எடுப்பித்தவன். வடசொல் மிகுந்த நூல்தான். 'சூள்', 'வஞ்சினம்' என்னும் நற்சொற்கள் இருக்க, தலைப்பிலேயே 'சபதம்' அமர்ந்துவிட்டது! கதைக்காகப் படிக்கலாம், சொல்லுக்காகப் படிக்க வேண்டியவை வேறு.

அவை நடுநாட்டுப் புதினங்கள். கொச்சை என்று ஒதுக்கப்படுவனவும் அவையே. இன்று விருத்தாசலம் என வழங்கும் திருமுதுகுன்றத்தை அடுத்த மணக்கொல்லையினர் கண்மணி குணசேகரன். மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டி வேறொருவனுக்கு மணமுடிக்கப்பெற்ற உழைக்கும் பெண்ணின் துயரே அவரது 'அஞ்சலை' (1999). அவர் ஊர்ப்பெயரிலேயே உள்ள 'கொல்லை' என்னும் சொல்லை நோக்குக. பிற பகுதிகளில் அது வீட்டின் பின்புறத்தைக் குறிக்கும். நடுநாட்டிலோ புன்செய் நிலம். கழக நூல்களில் முல்லை நிலத்துக் கொல்லையும் புன்செய்யே! ஈராயிரம் ஆண்டுப் பொருளைக் காத்துவைத்தவர் புலவரல்லர்; களை வெட்டும் பெண்டிர். ஏட்டில் 'தானியம்' என்று எழுதுகின்றனர். உழவர் பலர் வாயில் அது இன்றும் 'தவசம்'. 2007இல் இவ்வாசிரியரே 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒன்றும் தொகுத்தளித்தார். மக்கள் வழக்கைச் சான்றாகக் கொண்டு சொல்லாய்ந்த பாவாணர் இருந்திருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்பவளின் கதை அது. ஒடுக்கப்பட்டோர்க்கும் கீழே ஒரு படி வைத்து, அதிலும் தமிழரையே நிறுத்தியிருக்கின்றது இக்குமுகாயம். அவள் இருட்டியபின் வீடுதோறும் சென்று ஊர்ச்சோறு எடுக்கின்றாள். காலம் மாற மாற, அவள் நம்பியிருந்த அக்கூலியும் குறைந்துகொண்டே போகின்றது. தமிழர் யாவரும் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர், ஆரோக்கியத்தை எவ்விடத்தில் அமர்த்துவர்? இந்நூல் படிப்போர் அவ்வினாவினின்று தப்பவியலாது. அவளது பேச்சு இலக்கணப் பிழையுடையது என்று கூறி நூலை மூடிவைப்பது, அவளைத் தெருவிலேயே நிறுத்திக் கதவடைப்பதற்கு ஒப்பாகும்.

கலப்புச் சொல்லும் இந்நூல்களில் உண்டு, மறுப்பதற்கில்லை. பதர் இருக்கின்றதென்று எந்த உழவனும் நெல்லைக் களத்தில் விட்டுவருவதில்லை.

இவற்றை ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்பது நன்று. அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். புதிதாய்த் தோன்றும் ஊர்ச்சொல்லை அதில் எழுதி, அச்சொல் பனமலையிலும் வழங்குகின்றதா என்று பாட்டியரிடம் கேளுங்கள். அகரமுதலியில் இல்லாத பொருளும் அவர்களிடம் கிடைக்கலாம். அதையும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள்.