திரைப்போரும் மெய்ப்போரும்

கணிப்பொறித் திரையில் ஆடப்படும் போர் விளையாட்டு ஒன்றைப் பற்றி இன்று பேச முற்படுகிறோம். நாற்பது வயதைக் கடந்து, நாள்தோறும் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் செய்த ஒரு பிழையே நம்மை அதனிடம் கொண்டு சேர்த்தது.

2025ஆம் ஆண்டு மே மாதம், எல்லையில் மோதல் நிகழ்ந்த நாட்கள். டில்லியில் நம் கைப்பேசிக்கு ஒரு காட்சி வந்தது. இருண்ட வானில் ஒளிக்கோடுகள் சரஞ்சரமாக ஏறின. ஒரு விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அதை மெய்யென்றே கொண்டு ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பிவிட்டோம். நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்தது. "உங்கள் வீட்டுப் பக்கமா, அப்பா? குழந்தைகள் எங்கே?" என்று கேட்ட அவர் குரல் நடுங்கிற்று. அன்றிரவு அவர் உறங்கவில்லை.

நம்மோடு தங்கிப் படிக்கும் தமக்கை மகன் மறுநாள் காலை அதைப் பார்த்தான். "மாமா, இது போர் இல்லை. ஆர்மா 3 விளையாட்டு. உட்காருங்கள், காட்டுகிறேன்" என்றான். வெட்கத்தோடு உட்கார்ந்தோம்.

செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் 2013இல் வெளியிட்ட விளையாட்டு அது. கிரேக்க நாட்டு லெம்னோஸ் தீவை மாதிரியாகக் கொண்டு, சுமார் 270 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆல்டிஸ் என்னும் கற்பனைத் தீவைத் திரையில் படைத்திருக்கிறார்கள்.

ஓயாத வெடியும் ஆரவாரமும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். கண்டதோ பெரும்பாலும் நடையே. வரைபடத்தையும் திசைகாட்டியையும் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் மேடு பள்ளங்களில் நடந்தோம். சுமை மிகுந்தால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கினால் துப்பாக்கி ஆடுகிறது. சுட்ட குண்டும் தொலைவுக்கேற்பத் தாழ்கிறது. திடீரெனக் காதருகே 'சடக்' என்றொரு ஒலி. வெடியோசை அதன் பின்னரே வந்தது. குண்டு ஒலியினும் விரைந்து செல்வதால் அப்படியாம். அடுத்த கணம் மாண்டு கிடந்தோம். சுட்டவர் யார் என்பதுகூடத் தெரியவில்லை. வீரம் என்று நாம் எண்ணியிருந்ததற்கு அங்கே இடமே இல்லை.

இந்த விளையாட்டின் தனிச்சிறப்பு, ஆடுவோரே அதைத் திருத்தியமைக்கலாம் என்பது. 'மாட்' என்று வழங்கும் இத்தகைய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 'ஏஸ்' என்னும் மாட்டைச் சேர்த்தால், காயம்பட்டவனின் குருதி ஒழுக்கைக் கட்டுப்போட்டு நிறுத்தவேண்டும். தாமதித்தால் உயிர் போகும். மற்றொன்றில், இடையே மலை வந்தால் வானொலிக் கருவியில் தோழனின் குரல் தேய்கிறது. வானொலியில் பேசும் நமக்கு அது பிடித்துப்போயிற்று! செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் ஒத்துழைப்போடு, போர்ச் சட்டங்களைப் பற்றிய ஒரு பகுதியை அந்நிறுவனமே 2017இல் வெளியிட்டது. அதில் நாம் சிப்பாய் அல்லோம். போர் ஓய்ந்த ஒரு சிற்றூரில் கண்ணிவெடி அகற்றும் தொண்டன்.

இவ்வளவு நேர்மையான விளையாட்டு நம்மை ஏமாற்றியது எப்படி? விடையும் அந்த மாற்றங்களிலேயே இருக்கிறது. எந்த நாட்டு விமானத்தையும் பீரங்கியையும் யாரோ ஒருவர் ஆர்வத்தோடு செய்து சேர்த்துவிடுகிறார். வேறொருவர் அவற்றைக் களத்தில் நிறுத்திப் படம்பிடித்து, முப்பது விநாடித் துண்டை நறுக்கிச் செய்தி என்று பரப்பிவிடுகிறார். நடையும் காத்திருப்பும் காயமும் நறுக்கலில் போய்விடுகின்றன. வாணவேடிக்கை மட்டும் மிஞ்சுகிறது. உக்ரைன் போரின்போது இத்தகைய காட்சிகள் பெருகியதால், 2022 நவம்பரில் அந்நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. காட்சி இருட்டாகவும் தெளிவின்றியும் ஆடிக்கொண்டும் இருத்தல், ஓசை இல்லாமை, மனிதர் நடமாட்டம் காணாமை, புகையும் தீயும் இயற்கைக்கு மாறாகத் தோன்றுதல் ஆகியவை ஐயுறத்தக்க அடையாளங்கள் என்று அது கூறிற்று. நாம் அனுப்பிய காட்சியில் இவை யாவும் இருந்தன. பார்க்கத்தான் நமக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஒரு வாக்கியத்தை அதன் பத்தியிலிருந்து பிரித்து மொழிபெயர்த்தால் பொருள் திரியும் என்பது நம் தொழிலின் பாலபாடம். இருபது ஆண்டு அதைக் கடைப்பிடித்த நாமே, ஒரு காட்சியை அதன் இடத்திலிருந்து பிரித்து, நம் பெயரோடு தாயாருக்கு அனுப்பினோம். யாரோ அனுப்பியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். மகன் அனுப்பியதால் நம்பினார்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே, ஊரிலுள்ளோர்க்கு டில்லியும் சண்டிகரும் ஜம்முவும் நம் சொல்லின் வழியே தெரிகின்றன. 'அவனே அங்கிருந்து அனுப்பினான்' என்பதே அவர்களுக்குச் சான்று. ஆதலின், கையில் வந்த காட்சி எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று கேட்டு, விடை கிடைக்காதபோது அதை அனுப்பாதிருப்போம். 'நாங்கள் நலம்' என்ற ஒரு வரியை மட்டும் அனுப்புவோம்.

தமக்கை மகனோடு ஞாயிறுதோறும் இன்னும் ஆடுகிறோம். இன்னும் மாண்டுகொண்டுதான் இருக்கிறோம்.