கல்கத்தா மைதானமும் கால்பந்துக் கழகங்களும்

ஒரு கால்பந்துக் கழகம் தோன்றுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று பந்து, மற்றொன்று பதினோர் ஆட்டக்காரர், மூன்றாவது, ஓடியாட ஒரு துண்டு நிலம். முதல் இரண்டும் எப்படியேனும் கிடைத்துவிடும். நிலந்தான் அரிது. ஆதலால், ஒரு கழகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அது வென்ற கேடயங்களை எண்ணுவதற்கு முன், அது நின்று ஆடிய மண்ணைப் பார்த்தல் நலம். இவ்வுண்மைக்குக் கல்கத்தாவைவிடச் சிறந்த சான்று நம் நாட்டில் இல்லை. 2001-ஆம் ஆண்டு முதல் அந்நகருக்குக் கொல்கத்தா என்பதே பெயராயினும், நாம் பேசப்போகும் காலத்துப் பெயராலேயே அதனை அழைப்போம்.

அந்நகரின் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளிக்கு ‘மைதானம்’ என்பதே பெயர். அது விளையாட்டுக்காக உண்டானதன்று. 1757-இல் பிளாசிப் போர் முடிந்த பிறகு, ஆங்கிலேயர் ஹூக்ளி ஆற்றங்கரையில் புதிய வில்லியம் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே மறைவு ஏதும் இருத்தலாகாது என்பதற்காகக் கோவிந்தபூர் என்னும் ஊரை அகற்றினர், காட்டை வெட்டினர். குண்டு பாய்வதற்காக வெறுமையாக்கப்பட்ட நிலம் பின்னாளில் பந்து பாய்வதற்கு உதவிற்று. அம்மைதானம் இன்றளவும் இராணுவத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. அங்கே நிலையான கட்டடங்கள் எழுப்பத் தடை உண்டு. அதனாலன்றோ, நூறாண்டு கடந்த கழகங்களின் இருப்பிடங்களும் அங்கே ‘டென்ட்’ என்றே வழங்குகின்றன!

முதலில் அங்கே ஆடியவர்கள் வெள்ளைச் சிப்பாய்களும் வணிகர்களுமே. 1870-களின் தொடக்கத்தில் ‘கல்கத்தா கால்பந்துக் கழகம்’ தோன்றியது. பெயர் கால்பந்தாயினும் அந்நாளில் அக்கழகம் ஆடியது, பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி ஆட்டமே. சில ஆண்டுகளில் ஆட்டக்காரர் குறைந்தனர், கழகம் கலைந்தது. வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகம் வடிவான கைப்பிடிகளும் மூடியின்மேல் யானையும் அமைந்த ஓர் அழகிய கோப்பையைச் செய்வித்து, இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்கு அளித்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பொருதுவது அந்தக் ‘கல்கத்தா கோப்பை’க்காகவே. கழகம் பின்னர் புத்துயிர் பெற்றுக் கால்பந்துக்கு மாறியது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்பவரை இந்தியக் கால்பந்தின் தந்தை எனப் போற்றுவர். 1877-இல், எட்டு வயதுச் சிறுவனாகத் தாயாருடன் கங்கை நீராடச் சென்றபோது, மைதானத்தில் வெள்ளையர் ஆடுவதைக் கண்டு வண்டியை நிறுத்தி நின்றாராம். எல்லை கடந்து உருண்டு வந்த பந்தை எடுத்தார். “உதைத்து அனுப்பு” என்றான் ஒரு சிப்பாய். சிறுவன் உதைத்தான். பின்பு பள்ளித் தோழர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினர். வாங்கியதோ ரக்பிப் பந்து! பிரஸிடென்ஸி கல்லூரியின் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் தவற்றைக் கண்டு திருத்தி, சரியான பந்தும் தந்து, ஆட்டமும் கற்பித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அவர் வாழ்வில் அதனினும் பெரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவர் நிறுவிய கழகங்களுள் ஒன்று வெல்லிங்டன் கழகம். மணி தாஸ் என்னும் குயவர் மகனை அதில் சேர்க்க அவர் விரும்பினார். உயர்குலத்து உறுப்பினர் சிலர் மறுத்தனர். நகேந்திர பிரசாத் பணிந்தாரல்லர். அக்கழகத்தையே கலைத்துவிட்டு, சோவாபஜார் கழகத்தைத் தோற்றுவித்து, மணி தாஸை அதில் சேர்த்துக்கொண்டார். நிலத்தின் வாயில் வெள்ளையரால் மட்டும் அடைபட்டிருக்கவில்லை; நம்மவர் கையாலும் அடைபட்டிருந்தது. அதை உள்ளிருந்தே திறந்தவர் என்பதே அவருக்குரிய தனிப்பெருமை. 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் இதே சோவாபஜார் கழகம் கிழக்கு சர்ரே என்னும் பட்டாளத்து அணியை வென்று, ஆங்கிலேயரையும் வெல்லக்கூடும் என்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு இந்தியக் கால்பந்துச் சங்கமும், அதன் கேடயப் போட்டியும் தோன்றின.

1889 ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்தது மோகன் பாகன் கழகம். வடகல்கத்தாவில் கீர்த்தி மித்ரர் என்பவருடைய மாளிகைக்கு ‘மோகன் பாகன்’ என்று பெயர். அதன் தோட்டத்தில் ஆடிய இளைஞர்கள் அப்பெயரையே தம் கழகத்துக்கும் சூட்டினர். ஆனால் தோட்டம் நிலைக்கவில்லை. பின்னர் சியாம்புகூரில் ஒரு செல்வர் குடும்பத்தின் நிலம். அதன்பின் சியாம் சதுக்கம். ஏறக்குறைய 1900-இல், பிரஸிடென்ஸி கல்லூரியோடு பகிர்ந்துகொண்ட மைதானத்து மூலை. இவ்வாறு குடியிருப்பவன் வீடு மாறுவதுபோல் மாறியே அக்கழகம் வளர்ந்தது. பிறந்த இடம் கைவிட்டுப் போயிற்று. பெயர் மட்டும் உடன் வந்தது.

1911 ஜூலை 29-ஆம் நாள் அக்கழகம் கேடயத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம். ஆடுகளமோ கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் நிலம், அதாவது வெள்ளையர் நிலம். மோகன் பாகனின் பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலினர். வெளியூர்களிலிருந்து தனி ரயில்களில் மக்கள் வந்து குவிந்தனர். உள்ளே இடம் ஏது? பல்லாயிரவர் மரங்களின்மேலும் மேடுகளின்மேலும் நின்றனர். ஆட்டம் காண முடியாத தொலைவில் நின்றவர்களுக்கு, பட்டங்களைப் பறக்கவிட்டு கோல் கணக்கை அறிவித்தனர் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. முதலில் பட்டாளத்தின் ஜாக்ஸன் ஒரு கோல் போட்டார். முடிவு நெருங்கும் நேரத்தில் தலைவர் சிவதாஸ் பாதுரி அதை ஈடுசெய்தார். இறுதி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இந்தியக் கழகம் ஒன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை.

அவ்வாண்டு டிசம்பரில் தலைநகரை டில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வெளியாயிற்று. அதையும் இந்த வெற்றியையும் முடிச்சுப் போட்டுச் சொல்வோர் உண்டு. அது சுவையான பேச்சேயன்றி வரலாறு அன்று. வென்ற பின்னும் வாயில்கள் உடனே திறந்துவிடவில்லை என்பதே உண்மை. 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீகின் முதற்பிரிவில், 1915-இல்தான் மோகன் பாகன் ஆட முடிந்தது. அப்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்றும் ஒரு விதி இருந்தது. 1920-இல் தோன்றிய கிழக்கு வங்கக் கழகம் தகுதி பெற்றும் வெளியே நிற்க நேர்ந்தபோது அது குறித்து வாதாடியது. விதி நீங்கி, 1925-இல் முதற்பிரிவில் இடம் பெற்றது. 1891-இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமோ 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீகை வென்றது. கிழக்கு வங்கக் கழகம் 1949 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து கேடயத்தை வென்றபோது, அதன் முன்னணியில் ‘பஞ்ச பாண்டவர்’ எனப் புகழ்பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினரே என்பதையும் நாம் நினைவில் கொள்ளலாம்.

நேயர்களே, கழகங்கள் வளர்ந்தன, மக்கள் பெருகினர், நிலம் வளரவில்லை. சிறு கழகங்களின் ஆடுகளங்கள் பெருங்கூட்டத்தைத் தாங்கமாட்டா. எனவே பெரிய ஆட்டங்களைக் கிரிக்கெட்டுக்குரிய ஈடன் தோட்டத்திலும் நடத்தினர். 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் அங்கே மோகன் பாகனும் கிழக்கு வங்கமும் ஆடியபோது, பார்வையாளரிடையே கலகம் மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காண வீட்டிலிருந்து மகிழ்ச்சியோடு புறப்பட்டவர்கள் அவர்கள். அந்நாளில் அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்யும் வழக்கம் அந்நகரில் ஏற்பட்டது. 1984-இல் சால்ட் லேக் பகுதியில் பெரிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது.

கோட்டைக்காக வெட்டவெளியான நிலம், வெள்ளையர் வேலியிட்ட நிலம், வெறுங்காலினர் வென்ற நிலம் எல்லாம் ஒரே நிலந்தான். ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்கு விளையாட நிலம் ஒதுக்குகிறதா, அதன் வாயிலை யாவருக்கும் திறந்து வைக்கிறதா, அங்கே வருவோரின் உயிரைக் காக்கிறதா என்னும் மூன்று வினாக்களையே கல்கத்தா மைதானம் நம்மிடம் கேட்கிறது. உங்கள் ஊர்த் திடலின் ஓரமாக அடுத்த முறை செல்லும்போது, எல்லை தாண்டி ஒரு பந்து உருண்டு வரின், அதைத் திருப்பி உதைக்கும் சிறுவன் யாராயினும், அவனை உள்ளே அழையுங்கள்.