ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?
(தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து லொறியில் கிளீனராகப் போய், ஸ்டியரிங் பிடிக்கப் பழகிய பிள்ளைகள் நம்ம லயங்களில் இருக்கிறார்கள். ஓட்டத் தெரியும், லைசன் இல்லை. அதனால் கிளீனர் சம்பளத்தோடயே நின்றுவிடுகிறார்கள்.

நாங்கள் பார்த்த மட்டில், தடையாக நிற்பது பரீட்சை இல்லை, கடதாசிதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். இன்றைக்கே இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்த நாங்கள் உதவுவோம்.

அதற்குப் பிறகு வழி நேரானது. முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சை, தமிழிலேயே எழுதலாம். அடுத்து பயிலுநர் அனுமதிப்பத்திரம், ஓட்டப் பரீட்சை. 18 வயதில் இலகு வாகன லைசன் எடுக்கலாம். அதில் ஓட்டிப் பழகிய பிறகுதான் கனரக வாகனம்.

ஏன் இந்தத் தாமதம் என்று கேட்பீர்கள். பாரம் ஏற்றிய லொறியைப் பலாங்கொடைப் பக்க இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்தபடி கொண்டுவந்தால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் போட்டு, எஞ்சின் பிடியில் மெதுவாக இறக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு நாளில் வராது.

புரோக்கருக்குக் காசு கொடுத்தால் சுருக்காக முடியும் என்பார்கள். கேட்காதீர்கள். காசுக்கு வாங்கிய லைசன் வளைவில் யாரையும் காப்பாற்றாது.

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள்.