புறப்படுமுன் ஒரு சோதனை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2005-இல் வெளிவந்த அவெஞ்சர் போன்ற, தாழ்ந்த இருக்கையுடைய மோட்டார் சைக்கிள்களை நம் காலனிப் பிள்ளைகள் பலர் விரும்பி ஓட்டுகின்றனர். கால் தரையில் எளிதில் ஊன்றுவதால், ஓட்டுவதும் எளிதென்று எண்ணிவிடுகிறோம். அதன் இயல்பு வேறு. முன்சக்கரம் முன்னே தள்ளி நிற்பதால் குறுகிய வளைவில் சட்டெனத் திரும்பாது. கால்கள் முன்னே நீண்டிருப்பதால், பள்ளத்தில் சற்றே எழுந்து அதிர்ச்சியைத் தவிர்க்கவும் இயலாது. ஆகவே இவ்விரண்டுக்கும் முன்பே வேகத்தைத் தணித்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பின்பிரேக்கை மட்டும் நம்பாமல், முன்பிரேக்கையும் சேர்த்துச் சீராக அழுத்துதல் நன்று.

சென்ற ஆண்டு வங்காளத்து மழையில் நம் பிள்ளை ஒருவன் ரயில்வே கேட்டில் சறுக்கி விழுந்தான். நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தான். நேர்குறுக்காகவே கடந்திருத்தல் வேண்டும். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியிருந்தமையால் இன்று இச்சபையில் அமர்ந்திருக்கிறான். அவன் வண்டியின் டயர் தேய்ந்து வழவழத்திருந்தது. நாள்தோறும் அவ்வண்டியைக் கண்ட நாம் ஒருவரும் அதனைக் கவனிக்கவில்லை.

பிரேக்கைச் சோதித்துச் சான்று எழுதாமல் ரயிலை அனுப்புவதில்லை. அவ்வொழுங்கை வீட்டு வாசலிலும் கைக்கொள்வோம். டயர், பிரேக், விளக்கு, எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பார்த்தே புறப்படுவோம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுவோம். மழையில் நனைந்தால் அன்றே இடுவோம்.

இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்படுவதில் இழுக்கில்லை. வீடு திரும்பினால்தான் பயணம் முடிந்தது.