சில்லும் சவர்க்காரத் தண்ணீரும்

(பொத்துவிலில் சங்கத்தின் வாலிப அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இந்த மேடைக்கு வருகின்றவர்கள் கையில் ஏடொன்று கொண்டு வருவதே வழக்கம். நாம் ஒரு சில்லை உருட்டிக்கொண்டு வந்திருக்கின்றோம். வாசலில் அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "இதென்ன தம்பி, கூட்டமா, கராஜா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலே பிழையில்லை. சங்கத்தின் பொதுப் பணத்தில் ரயர் கழற்றும் கைக்கருவியொன்று வாங்கவேண்டும் என்று நாம் விண்ணப்பித்திருக்கின்றோம். பணத்தைக் கேட்பவன் காரணத்தையும் சொல்லவேண்டும் அல்லவா?

சென்ற பெரும்போக அறுவடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகின்றோம். வட்டையிலிருந்து பதினைந்து மூடை நெல்லை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நாலு பேராக வந்தோம். வாய்க்கால் கட்டைத் தாண்டும்போது வலப்பக்கச் சில்லில் காற்று இறங்கிவிட்டது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மூடைகளை இறக்கி, சில்லைக் கழற்றி, ரயரைப் பிரிக்கத் தொடங்கினோம். கையிலிருந்த ஆயுதங்கள் ஓர் அலவாங்கும் ஒரு கல்லும். ஒருவர் ரயரின்மேல் ஏறிக் குதித்தார். மற்றொருவர் அலவாங்கை நுழைத்துத் தம் முழுப் பாரத்தையும் போட்டார். ரயர் அசையவில்லை, றிம்மின் விளிம்புதான் வளைந்தது. ஒருவாறு கழற்றி, ரியூப்பை ஒட்டி, மறுபடியும் ஏற்றியபோது அதே அலவாங்கு ரியூப்பைக் கடித்துவிட்டது. மறுபடியும் கழற்றினோம். மூன்றாம் தடவை கடித்தபோது மழை வந்துவிட்டது. மூடைகளிலே பாதி நனைந்தன. நனைந்த நெல்லை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதை இங்கே இருக்கும் வேளாண்மைக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் அந்தச் சில்லைத் தோளிலே சுமந்து ஊருக்குக் கொண்டு வந்தோம். ஒட்டுப் போடும் காக்கா ஒருவர் இருக்கின்றார். வயது அறுபதுக்கு மேலிருக்கும், மெலிந்த உடம்பு. வளைந்த விளிம்பைக் கண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பின்பு ஒரு சிரட்டையிலே சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்து ஓரமெங்கும் தடவினார். இரண்டு முழங்கால்களையும் ரயரின் ஒரு பக்கத்திலே ஊன்றிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு நெம்புகளைச் செருகினார். நாங்கள் நாலு பேர் மாரடித்த ரயர் பத்து நிமிடத்தில் தனியே கிடந்தது. "பெலன் காணாமப் போகல்ல தம்பி, முழங்கால வைக்கிற இடம் பிழைச்சுப் போச்சு" என்றார். இந்தப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

ரயர் றிம்மைக் கவ்வுகின்ற தடித்த ஓரத்தை நாம் கரை என்று சொல்லுவோம். அந்தக் கரைக்குள்ளே உருக்குக் கம்பி வளையம் உண்டு. ரயரின் மற்றப் பாகமெல்லாம் வளையும், நெளியும். இந்தக் கம்பி மட்டும் நீளாது. றிம்மின் விளிம்போ கரை இருக்கும் இடத்தைவிட அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. நீளாத வளையம் தன்னிலும் பெரிய விளிம்பைத் தாண்டுவது எப்படி? பலத்தினாலே தாண்டாது. நாலு பேரல்ல, நாற்பது பேர் வந்தாலும் கம்பி அறும், அல்லது விளிம்பு வளையும்.

இப்போது இந்தச் சில்லின் நடுவைப் பாருங்கள். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே றிம் பள்ளமாகத் தாழ்ந்திருக்கின்றது. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. ஒரு பக்கத்துக் கரையை அந்தப் பள்ளத்துள் அமுக்கி வைத்தால், எதிர்ப்பக்கத்தில் அவ்வளவுக்குத் தளர்ச்சி கிடைக்கும். அந்தத் தளர்ச்சியிலே கரை விளிம்பைத் தாண்டி வெளியே வரும். காக்கா முழங்காலை ஊன்றியது பள்ளத்தின் மேலே. நாங்கள் அலவாங்கு போட்ட வேளையில் எதிர்ப்பக்கக் கரை விளிம்போடு ஒட்டி மேலேயே இருந்தது. கயிற்றின் இரு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டு நடுவிலே முடிச்சவிழ்க்கப் பார்த்தவரின் கதை எங்கள் கதை.

காற்றடைத்த ரயருக்கு 1845 இலேயே தொம்சன் என்பவர் உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். அதனை உலகம் மறந்துபோனது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதனைப் புதிதாகச் செய்தார். ஆனால் அவர் ரயரைச் சில்லோடு துணிவைத்து ஒட்டியல்லவா விட்டார்! ஒரு முள் ஏறினால் எல்லாவற்றையும் உரித்தெடுக்கவேண்டும். கரைக்குள்ளே கம்பியும் றிம்மிலே பள்ளமும் வைத்து, யாரும் கழற்றி மாட்டக்கூடிய ரயரை 1890 இல் வகுத்தவர் வெல்ச் என்பவர். டன்லப்பின் பெயரை நாடெங்கும் அறியும். நாம் வயலிலே நன்றி சொல்லவேண்டியது வெல்சுக்கு.

றப்பரைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1876 இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டனுக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. 1952 இல் எமது நாடு சீனாவுக்கு றப்பரைக் கொடுத்து அரிசியை வாங்க ஒப்பந்தம் செய்தது. அரிசிக்காக றப்பர் கப்பலேறியது அக்காலம். நெல்மூடை வீடு வந்து சேர றப்பர் சில்லை நம்பியிருப்பது எக்காலமும். அதுகிடக்க.

இனிக் கருவிக்கு வருவோம். அது பெரிய மந்திர யந்திரமன்று. அடியிலே அகன்ற இரும்புக் கால்கள். நடுவிலே ஒரு தூண். தூணில் சில்லைப் பிடித்து நிறுத்த ஒரு பூட்டு. பக்கத்தில் ஒரு நீண்ட கை. அதன் நுனியில் பாதம்போல ஒரு தகடு. கையை அமுக்கினால் அந்தப் பாதம், துருப்பிடித்து றிம்மோடு ஒட்டிக்கிடக்கும் கரையைத் தள்ளி விடுவிக்கும். பிறகு ஒரு நீண்ட பாரை. ஒரு நுனி கழற்றுவதற்கு, மறு நுனி மாட்டுவதற்கு. தூணைச் சுற்றிப் பாரையைக் கொண்டு போனால் கரை விளிம்பின் மேலே ஏறி வந்துவிடும். கால்களைச் சீமெந்துத் தரையிலே போல்ட் போட்டு இறுக்கவேண்டும். மணலில் வைத்தால் ரயர் சுழலாது, கருவிதான் சுழலும். எமது ஊரில் மணல் இல்லாத முற்றம் எத்தனை உண்டு என்பதையும் யோசித்தே இதைச் சொல்லுகின்றோம். சிறிய சில்லுகளுக்கென்று சிறிய அளவுக் கருவி தனியாக உண்டு. மோட்டார்க் கார்ச் சில்லுக்கான கருவியிலே தள்ளுவண்டிச் சில்லு நில்லாது. வாங்குபவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

"சின்னச் சில்லுக்கு எதற்குக் கருவி? கையே போதும்" என்று சிலர் சொல்லக் கேட்டோம். உண்மை இதற்கு மாறானது. சில்லு சிறுக்கச் சிறுக்க ரயர் விறைப்பாக இருக்கும், பக்கச்சுவர் குட்டை, பள்ளமும் ஆழமில்லை. ஆகவே கிடைக்கும் தளர்ச்சி குறைவு. ரயரின் பக்கத்திலே 6.00-12 என்று எழுதியிருந்தால் அகலம் ஆறு அங்குலம், றிம்மின் குறுக்களவு பன்னிரண்டு அங்குலம். 4.00-8 என்றால் நாலும் எட்டும். அந்த எட்டு அங்குலச் சில்லிலே நகம் பிய்த்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள்.

கடற்காற்று எமக்கு இன்னொரு தொல்லை. இரண்டு மாரி வெளியே கிடந்த தள்ளுவண்டியின் கரை, றிம்மின் துருவோடு ஒன்றாகிவிடும். கருவி இல்லாத இடத்திலே அதனை விடுவிக்க ஒரு வழி உண்டு: வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டபின், சில்லை உழவு இயந்திரத்தின் சட்டத்தின் கீழே படுக்க வைத்து, சட்டத்துக்கும் கரைக்கும் இடையே ஜாக்கைக் கொடுத்து உயர்த்துதல். இயந்திரத்தின் பாரமே கரையை அமுக்கும். கையை மட்டும் இடையே கொடுக்கவேண்டாம். விடுவித்த பின் றிம்மின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மறுபடி மாட்டுகின்றவர், அடுத்த வருஷத்துக் கஷ்டத்தை இந்த வருஷமே விதைக்கின்றார்.

சவர்க்காரத் தண்ணீர் என்றோம். கிறீஸ் பூசுகிறார்கள் சிலர். எஞ்சின் ஒயில் பூசுகிறார்கள். அவை றப்பரைத் தின்னும். சவர்க்காரம் காய்ந்துவிடும், கரையும் நின்ற இடத்தில் நிற்கும்.

மாட்டுகின்றபோது அவசரம் ஆகாது. முதலில் ஒரு துணியால் ரயரின் உள்ளே சுற்றித் துடைத்துப் பாருங்கள். ரியூப்பை ஒட்டிவிட்டு முள்ளை ரயரிலேயே விட்டவர்களை நாம் அறிவோம். நாமும் ஒருமுறை விட்டிருக்கின்றோம். மணலும் உள்ளே இருத்தல் ஆகாது. ஓடும்போது அது ரியூப்பை அரைக்கும். ரியூப்புக்குச் சிறிது காற்றைக் கொடுத்து, அது உருவம் கொள்ளும்படி செய்து உள்ளே வைக்கவேண்டும். தளர்ந்து மடிந்த ரியூப்தான் நெம்பின் வாயிலே அகப்படுவது. கரையை வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலே தொடங்கி, வால்வின் அருகிலே முடியுங்கள். வால்வு நிற்கும் இடத்தில் பள்ளம் அடைபட்டிருக்கும். அங்கே முதலில் கரையைப் புகுத்தினால், முடிவிலே தளர்ச்சி கிடையாது. கடைசிச் சாண் நீளம் கடினமாக இருந்தால் பாரையில் பாரம் போடாதீர்கள். நிறுத்தி, எதிர்ப்பக்கக் கரை பள்ளத்துள் இருக்கின்றதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அது மேலே ஏறியிருக்கும்.

இதுவரை சொன்னதிலே பிழை விட்டால் நட்டம் ரியூப்போடு போகும். இனிச் சொல்வது அப்படியன்று.

முச்சக்கர வண்டியின் சில்லைப் பலரும் வீட்டிலேயே கழற்றுகிறார்கள். அந்த றிம் ஒரே துண்டன்று. இரண்டு பாதிகளை நட் போட்டுப் பொருத்தியது. நட்டுகளைக் கழற்றினால் இரண்டு பாதியும் பிரிந்து ரயர் தானே வெளிவரும், நெம்பே வேண்டாம். அந்த இலகுதான் ஆபத்து. வண்டியோடு சில்லைப் பிணைக்கும் நட் வேறு. பாதிகளைப் பிணைக்கும் நட் வேறு. காற்று நிறைந்திருக்கும்போது இரண்டாவது நட்டிலே சாவியைப் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று. 4.00-8 ரயரின் குறுக்களவு ஏறக்குறைய 16 அங்குலம். எட்டங்குல றிம்மை நீக்கினால் பக்கச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 150 சதுர அங்குலம். அதன்மேலே காற்று தள்ளுகின்ற தள்ளல் நாலாயிரம் இறாத்தலுக்கு மேல். அதிலே பெரும் பங்கு அந்தச் சில நட்டுகளைத்தான் நம்பியிருக்கின்றது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வண்டிகள் வரிசையிலே கிடந்தன. அக்கரைப்பற்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஒரு சில்லைக் கொண்டுபோக யாரிடம் பெற்றோல் இருந்தது? அப்போது எமது தம்பி ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் முச்சக்கர வண்டிச் சில்லைத் தாமே பிரிக்கத் துணிந்தார். வால்வின் ஊசியைக் கழற்றினார், சிறிது சீறிற்று, நின்றுவிட்டது. காற்றுப் போய்விட்டதென்று எண்ணினார். வால்வின் துவாரத்தை வயற்சேறு அடைத்திருந்தது. மூன்றாவது நட் தளர்ந்தபோது றிம்மின் பாதி எழும்பி அவர் வலக்கையிலே அடித்தது. இரண்டு விரல்கள் இன்றும் மடங்கமாட்டா. முகம் தப்பியது, அவர் சற்றே பக்கமாகக் குந்தியிருந்த காரணத்தால்.

ஆதலால் ஊசியைக் கழற்றியது போதாது. மெல்லிய கம்பியொன்றை வால்வுக்குள் விட்டு, அடைப்பில்லை என்று பார்த்து, பக்கச்சுவரைக் கையால் அமுக்கி, அது வாழைச் சருகுபோல் மடிகின்றது என்று கண்ட பின்புதான் சாவியைத் தொடவேண்டும். காற்றடிக்கும்போதும் சில்லின்மேல் குனியாமல் பக்கத்திலே நில்லுங்கள். ரயரில் எழுதிய அளவுக்கு மேலே அடிக்கவேண்டாம். கரை உட்காரவில்லையென்று பெற்றோலை ஊற்றி நெருப்பு வைக்கும் வித்தையைக் கைத்தொலைபேசிப் படத்தில் கண்டோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதனை இந்தச் சங்கத்தின் கருவியருகே செய்கின்றவர் அன்றே அங்கத்துவத்தை இழப்பார் என்று விதி எழுதும்படி செயலாளரைக் கேட்டிருக்கின்றோம்.

பெரியவர்கள் இரண்டு ஆட்சேபங்கள் சொன்னார்கள். கருவி மண்டபத்திலே துருப்பிடித்துக் கிடக்கும் என்பது ஒன்று. நியாயமான பயம். ஆயுத பூசையன்று சந்தனப் பொட்டிட்டு, மறுநாள் மூலையில் தள்ளிவிட்ட தையல் மெஷின் ஒன்று எமது மண்டபத்திலேயே நிற்கின்றது. ஆகவே கருவியை மண்டபத்திலே வைக்கவேண்டாம். வட்டைக்குப் போகும் வழியிலே சீமெந்துக் களம் உள்ள ஓர் அங்கத்தவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.

மற்றது, காக்காவின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்பது. இதனை நாம் அவரிடமே போய்க் கேட்டோம். அவர் சிரித்தார். "வட்டைக்குள்ள கிடக்கிற சில்லு எனக்கிட்ட எப்ப வந்தது? நீங்க வளைச்சிப்போட்ட றிம்முதானே வருது" என்றார். மோட்டார்ச் சைக்கிளும் காரும் ரியூப் இல்லாத ரயரும் வழக்கம்போல் அவரிடமே போகும். தள்ளுவண்டி, தண்ணீர்ப் பம்பு வண்டி, லான்ட்மாஸ்டர் ஆகியவற்றின் சில்லுகளே கருவிக்கு வரும். முதல் இரண்டு சனிக்கிழமையும் தாமே வந்து பழக்கித் தருவதாகவும் காக்கா ஒப்புக்கொண்டார். கூலி வேண்டாமென்றார், கொடுக்கத்தான் வேண்டுமென்று நாம் நிற்கின்றோம். இந்தத் தொகையையும் விண்ணப்பத்திலே சேர்த்திருக்கின்றோம்.

சனிக்கிழமை காலை வருகின்றவர்கள் பழைய துணியும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் கொண்டு வாருங்கள். அலவாங்கு கொண்டு வரவேண்டாம். முதலில் கழற்றப்போவது இந்தச் சில்லைத்தான். வளைந்த விளிம்பு இன்னும் நிமிரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். வால்வைச் சோதித்து, "காற்றில்லை" என்று சொல்லும் பொறுப்பை, விரல் மடங்காத அந்தத் தம்பி தாமே கேட்டு எடுத்திருக்கின்றார். அவர் சொல்லும்வரை யாரும் சாவியைத் தொடுவதில்லை.